பச்சைப் பென்சிலில் தப்பிய பாட்டு

ஒரு பாட்டுக்காரரை அறிந்துகொள்ள இப்போதெல்லாம் அவருடைய பாட்டைக் கேட்கவே வேண்டியதில்லையாம். கணினியில் போட்டால் போதுமாம். எந்தச் சொல்லை அவர் அதிகம் எழுதினாரோ அது பூசணிக்காய் அளவில் வரும். குறைவாக எழுதிய சொல் கடுகு அளவில் வரும். எல்லாவற்றையும் அள்ளிக் குவித்த மாதிரி ஒரு படம். அதற்குச் சொல்முகில் என்று பெயர்.

இதை எனக்கு விளக்கியவர் பிரவீன் என்ற தம்பி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறார். நுவரெலியாவில் என் வீட்டு மேசையில், நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப் போவதுகூடத் தெரியாமல், மடிக்கணினியைத் திறந்து காட்டினார். தேயிலைக் கொழுந்தின் வடிவத்தில் ஒரு படம், முழுக்கப் பச்சை. நடுவில் 'கொழுந்து' என்று கொட்டை எழுத்து. அதைச் சுற்றி நிரை, பனி, மலை, ஓடை, குருவி. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பாட்டுக் கட்டி, அங்கேயே கிழவராகிவிட்ட செல்லமுத்துவின் மனசு இதுதானாம். 'இயற்கையின் பாவலர்' என்று புத்தகத்துக்கு அட்டைகூடத் தயார். அந்தப் படம்தான் அட்டை.

"நீங்கதான் மிஸ் முன்னுரை எழுதணும். செல்லமுத்து ஐயாட பாட்டெல்லாம் ரேடியோவுல நீங்கதானே எழுத்துல எடுத்தீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். தம்பியும் கூடவே சிரித்தார், பாவம், எதற்கென்று தெரியாமல். முன்னுரை எழுதவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

நான் ரீட்டா. உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். படித்தேன், பாஸானேன், ஹட்டனில் தட்டச்சுப் பழகினேன், சிங்களமும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் வானொலியில் வேலை கிடைத்தது. என் இளமைக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், வாசிக்கிறவர்கள்தான் கொட்டாவி விடுகிறார்கள்.

எங்களுடையது பெரிய வானொலி இல்லை. நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவில், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இயங்கி, இப்போது இல்லாமலே போய்விட்ட ஒரு சின்ன நிலையம். நாட்டில் சண்டை நடந்த காலம். தமிழில் ஒரு பாட்டு ஒலிபரப்பாக வேண்டும் என்றால் அதன் சொற்களை முதலில் பரிசீலிக்க வேண்டும். அந்தப் பரிசீலனைப் பிரிவில் இருந்தது இரண்டே பேர். பரிசீலிக்கிறவர் சேகரம் சேர். அவருக்குப் பென்சில் பிடிக்கிறவள் நான்.

வேலை இதுதான். பாட்டுக்காரர்கள் ஒலிநாடாவில் பாட்டைப் பதிந்து கொண்டுவருவார்கள். நான் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டுச் சொல் விடாமல் எழுதுவேன். ஒரு வரி எழுதி ஒரு வரி வெறுமையாக விட வேண்டும், கோடு போட இடம் வேண்டுமல்லவா? பாட்டு நின்று மேளம் மட்டும் கேட்கும் இடத்தில் அடைப்புக்குள் 'தப்பு' என்றோ 'குழல்' என்றோ குறிக்க வேண்டும். பிறகு கலர் பென்சில். ஆட்களின் பெயர், ஊரின் பெயர், தோட்டத்தின் பெயர், துரை, கண்டாக்கு, தலைவர் என்று பதவியைச் சொல்லும் சொல், எல்லாவற்றுக்கும் கீழே சிவப்புக் கோடு. சாவு, பசி, இரத்தம், கண்ணீர் வகையறாவுக்குக் கறுப்பு. சாமிக்கும் காதலுக்கும் நீலம். மரம், செடி, மழை, பறவை, வானம் போன்றவற்றுக்குப் பச்சை. கோடு சொல்லின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும். அரைக் கோடு போட்டால் சேர் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியதை அவர் வாசிப்பார் என்று நினைப்பீர்கள். வாசிக்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பேப்பரை ஜன்னல் பக்கம் நீட்டி, கை எட்டும் தூரத்துக்குப் பிடித்து, கண்ணைப் பாதி மூடி, சேலைக் கடையில் சாயம் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பச்சையும் நீலமும் கூடியிருந்தால் கையெழுத்து. கறுப்பு கூடியிருந்தால் ஒரு பெருமூச்சு, பிறகு 'திருத்தவும்'. சிவப்புத் தெரிந்தால் பேப்பர் அப்படியே என் மேசைக்குத் திரும்பும்.

"வாசிச்சா மனசு இளகும் மிஸ் ரீட்டா. நிறம் பொய் சொல்லாது" என்பார்.

அந்த மேதாவித்தனத்தின் இலட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் முருகன் பாட்டு ஒன்று கொண்டுவந்தார். நல்ல மனிதர், விரதமிருந்து எழுதியது. பாட்டு முழுக்க முருகன் கோயில் கொண்ட ஊர்களின் பெயர். ஊர் என்றால் சிவப்பு, சட்டம் அதுதானே? பேப்பர் செங்கல் சூளை மாதிரி ஆகிவிட்டது. சேர் எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இது ஆபத்தான பாட்டு' என்று எழுதினார். அதே கிழமை இன்னொருவர் கித்துள் மரத்துக் கள்ளின் பெருமையைப் பாடிக் கொண்டுவந்தார். மரம், பாளை, பூ, தேன், வண்டு என்று ஒரே பச்சை. குடித்துவிட்டு மாமியாரை அடிக்கிற வரிகூட அதில் இருந்தது. அடி என்ற சொல்லுக்கு எங்கள் சட்டத்தில் நிறம் இல்லை. 'ரம்மியமான பாடல், காலையில் ஒலிபரப்பலாம்' என்று கையெழுத்து வைத்தார். காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலை சீவுகிற நேரத்தில், ஒலிபரப்பினோம்.

இதைவிடப் பெரிய கூத்து பாட்டுக்காரர்கள் செய்தது. பேப்பர் முடியும் வரை அவர்கள் என் அறையின் மர வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சொல்லுக்கு எந்தப் பென்சிலை எடுக்கிறேன் என்று பார்த்துப் பார்த்துப் பாடம் படித்துவிட்டார்கள். அடுத்த தடவை வரும்போது துரை காணாமல் போயிருப்பார், அந்த இடத்தில் ஒரு குயில் உட்கார்ந்திருக்கும். பசி போய்ப் பனி வந்திருக்கும். வருடம் போகப் போக மலையகத்தில் மனிதர்களே இல்லை, வெறும் மைனாவும் மழையும்தான் என்று ஆகிவிட்டது.

செல்லமுத்து அந்தக் கூட்டத்தில் சேராமல் நெடுநாள் முறைத்துக்கொண்டு நின்றவர். தேயிலை ஃபெக்டரியில் வேலை. பாட்டுத் திரும்பி வந்தால் கும்பிடு போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போவாரே தவிர ஒரு சொல்லை மாற்ற மாட்டார். அதனால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

பிறகு அந்த மண்சரிவு வந்தது. அவருடைய தோட்டத்தில், கடும் மழையில், லயத்துக்குப் பின்னால் இருந்த மலை இறங்கியது. அந்த மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஆட்கள் முன்பே போய்ச் சொல்லியிருக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர் மண்ணுக்குள் போனார்கள். எங்கள் வானொலிச் செய்தியில், 'தோட்டத் தொழிலாளர் நால்வர் பலி' என்று ஒரு வரி. அடுத்து காய்கறி விலை.

செல்லமுத்து பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு அம்மாவும் வந்தார். ராக்கம்மா. நான்கு பேரில் ஒருத்தியான சரோஜாவின் தாய். வேறு பிள்ளைகள் இல்லை. நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டில் நான்கு பெண்களின் பெயரும் இருந்தது. சரோஜா, மல்லிகா, பாக்கியம், லெச்சுமி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வேறென்ன செய்வது, சட்டம் சட்டம்தானே? சேகரம் சேர் பேப்பரை முழுதாக நீட்டக்கூட இல்லை, பாதிக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராக்கம்மா நேரே அவர் மேசைக்குப் போனார். நான் தடுக்கவில்லை.

"ரேடியோவுல நாலு பேருன்னு சொன்னீங்க. நாங்க என்னா ஆடு மாடா, எண்ணிச் சொல்றதுக்கு? எம்மகளுக்குப் பேரு இருக்குங்க. சரோஜா. அந்தப் பேரு இதே ரேடியோவுல ஒரு தடவ வரணும். வேற ஒண்ணுமே கேக்கல நானு."

சேர் எழுந்து நின்றார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம். பிறகு விசாரணை நடக்கிறது என்றார், பெயர் போட்டால் பிரச்சினை வரும் என்றார், உங்கள் கவலை எங்களுக்கு விளங்குகிறது என்றார். விளங்கிய முகமா அது? தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்று சொல்லும்போது வருகிற முகம். எருமை மாட்டுக்குமேல் மழை பெய்த மாதிரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மணியை அடித்து அடுத்த பேப்பரைக் கேட்டார். ராக்கம்மா குடையோடு வெளியே போய் நின்றார்.

சில நாள் கழித்துச் செல்லமுத்து மட்டும் வந்தார், புது ஒலிநாடாவோடு. காதில் மாட்டிக் கேட்டேன்.

ஓடையோரத்து நிரையில
கொழுந்து முத்திப் போச்சுதே
பாறையோரத்து நிரையில
பனி மட்டும் காயுதே

இப்படியே நான்கு நிரைகள். தோட்டத்துக்குப் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலைச் செடி வரிசையைத்தான் நிரை என்போம். கங்காணி காலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். செல்லமுத்துவின் தோட்டத்தில் சண்டை வராமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு மலையில் ஒருத்திக்கு ஒரு நிரை விழுந்தால் அந்த மலையில் எப்போதும் அவளுக்கு அதே நிரைதான். ஓடையோரம் சரோஜாவுடையது. பாறையோரம் மல்லிகாவுடையது. அந்தத் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரிந்து என்ன? பேப்பரில் ஒரு பெயர் இல்லை. ஓடை பச்சை, கொழுந்து பச்சை, பாறை பச்சை, பனி பச்சை. ஒவ்வொரு நிரை வரிக்குப் பிறகும் பாட்டு நின்று தப்பு மட்டும் அடித்தது, நான் அடைப்புக்குள் 'தப்பு' என்று எழுதினேன். அதற்கு நிறமே கிடையாது. சேகரம் சேர் கையை முழு நீளத்துக்கு நீட்டி, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் இரசித்தார்.

"பாத்தீங்களா மிஸ் ரீட்டா? இந்த மனுசனுக்கும் பாட்டு வந்துட்டுது" என்றார்.

எனக்குச் செல்லமுத்துமேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. கடைசி ஆளும் குயில் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாரே! வாசல் வரைக்கும் போய்க் கேட்டேன், அந்த அம்மா கேட்டது ஒரு பெயர்தானே, அதைக்கூட வைக்காமல் இது என்ன பாட்டு என்று. அவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாடுறதுக்குத்தான் மிஸ் கட்டியிருக்கேன், படிக்கிறதுக்கு இல்ல" என்றார்.

சமாளிப்பு என்று நினைத்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான் என்று நினைத்தேன். அந்தப் பாட்டு எங்கள் வானொலியில் வருடக்கணக்காக ஓடியது. தேயிலைத் திருவிழாவுக்குப் போட்டார்கள், சுற்றுலாக்காரர்களுக்கான நிகழ்ச்சிக்குப் போட்டார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் குடையோடு நின்ற அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு வரும், நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். சேகரம் சேர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நான் மாலை இல்லாமல் ஓய்வு பெற்றேன்.

பிரவீன் தம்பி கணினியில் போட்டது நான் கோடு போட்ட அந்தப் பேப்பர்களைத்தான். நிலையத்தை மூடும்போது பழைய காகிதங்களை யாரோ நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் கையெழுத்து விழுந்த பாட்டுகள் மட்டும்தான். திருப்பி அனுப்பிய பாட்டுகளைப் பாட்டுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், அவை மழையில் நனைந்ததோ அடுப்பில் எரிந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆகத் தம்பியின் படத்தில் பச்சைப் பசேலென்று இருப்பது செல்லமுத்துவின் மனசு இல்லை. அது சேகரம் சேரின் மண்டை. அதை நான்கு கலர் பென்சிலில் அவர் அந்தக் காலத்திலேயே வரைந்துவிட்டார், மின்சாரம்கூடச் செலவில்லை.

இதைப் பிரவீனிடம் சொன்னேன். பென்சிலில் தொடங்கி ராக்கம்மா வரை எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி தலையாட்டிக் கேட்டார். நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்த பிள்ளை. கேட்டு முடித்ததும் என்ன சொன்னார் தெரியுமா?

"ரொம்ப முக்கியமான தகவல் மிஸ். ஆனா தரவுல இல்லையே. அந்தப் பேர் ஒரு பாட்டுலயும் ஒரு தடவகூட வரல்ல. வராத சொல்ல மெஷின் எப்படி மிஸ் காட்டும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சேகரம் சேராவது பேப்பரைக் கையில் பிடித்தார்!

புத்தக வெளியீட்டைச் செல்லமுத்துவின் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், வாய் சும்மா இருக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் போனேன். மேடையில் வெள்ளைத் திரை, அதில் பிரவீனின் பச்சைக் கொழுந்து. கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், எழுத்தின் அளவைப் பார்த்தாலே உழைப்பின் ஆனந்தம் தெரிகிறது என்று பேசினார். ஆனந்தமாம்! அட்டை கடித்த காலோடு மலை ஏறியிருந்தால் தெரியும் ஆனந்தம். கீழே நாற்காலிகளில் தோட்டத்துப் பெண்கள். அந்தி வேலை முடிந்து, முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். முன்வரிசையில் ராக்கம்மா. மிகவும் தளர்ந்துபோய், ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

செல்லமுத்துவுக்கு மாலை போட்டு, ஒரு பாட்டுப் பாடுங்கள் ஐயா என்று கேட்டார்கள். எழுந்தார். ஒரு பையன் தப்பை எடுக்கப் போனான், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஓடையோரத்து நிரையில" என்று பாடி, நிறுத்தினார்.

"சரோஜா" என்றார்கள் பெண்கள்.

யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, யாரும் எழுந்து நிற்கவில்லை. கோயிலில் அரோகரா சொல்கிற மாதிரி, மண்டபத்திலிருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். செல்லமுத்து, கொழுந்து முத்திப் போச்சுதே என்று வரியை முடித்தார். பாறையோரத்து நிரையில என்று பாடி மறுபடி நிறுத்தினார். மல்லிகா என்றார்கள். பிறகு பாக்கியம். பிறகு லெச்சுமி. நான் அடைப்புக்குள் 'தப்பு' என்று எழுதிய நான்கு இடங்களிலும் நான்கு பெயர்கள்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம், இது எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நான் பொறக்கிறதுக்கு முன்னாலருந்தே இப்படித்தாங்க மிஸ். ரேடியோவுல மொதல்ல போட்ட அன்னைக்கி, தப்பு அடிக்கிற எடத்துல ராக்கம்மா அம்மாயி ரேடியோவப் பாத்து மக பேரச் சொன்னாங்களாம். அப்புறம் மத்த வீட்டு ஆளுங்களும் அவங்கவங்க பேரச் சொன்னாங்க. பேரு இல்லாம இந்தப் பாட்டப் பாடுறது கெடையாதுங்க."

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் எங்கள் வானொலி அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டிருக்கிறது. சேகரம் சேரின் கையெழுத்தோடு! அவர் உயிரோடு இருந்திருந்தால் காரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சொல்லியிருப்பேன். வாசலில் வைத்துச் செல்லமுத்துவைத் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் தலைத்துண்டை உதறிவிட்டுப் போகிற மனிதர் அவர்.

கூட்டம் முடிந்ததும் பிரவீன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெண்களிடம் வந்தார். முகமெல்லாம் வேர்வை. நான்கு பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டில் சேர்த்து, படத்தை மறுபடி வரவழைத்தார். பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். கொழுந்து அதே கொழுந்து, பூசணிக்காய் அளவில். சரோஜா எங்கே என்று தேடினார்கள். தம்பிதான் விரலை வைத்துக் காட்டினார். காம்புக்குப் பக்கத்தில், கண்ணை இடுக்கினால் மட்டும் தெரிகிற அளவில் இருந்தது.

"மன்னிச்சிக்கங்க அம்மா" என்றார் ராக்கம்மாவிடம். உண்மையாகவே வருந்திய குரல். "பாட்டுல ஒரே ஒரு தடவதான் வருது. அதனால எழுத்து ரொம்பச் சின்னதாத்தான் வரும்."

ராக்கம்மா மடிக்கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்து, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் அவ ஒருத்திதானே தம்பி. சின்னதாவே போடுங்க."